செலினின் பின்னந்தலை

அந்துவான்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் எழுதிக் கேட்டதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை என்று உனக்குக் கோபமாக இருக்கும். "அம்மா, செலினுக்குப் பின்னந்தலைல சுழி எந்தப் பக்கம் சுத்தும், வலமா இடமா, ஒண்ணா ரெண்டா, பிடரி முடி எதுவரைக்கும் எறங்கும், இது மட்டும் தெரிஞ்சா முடிச்சுடுவேன்" என்று எழுதியிருந்தாய். எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் என் பேத்தி தலையை வாரி இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டிவிட்டவள் நான்தான். ஆனால் ஃபோனில் எழுதினால் நீ பதிலை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுவாய். அதனால்தான் காகிதம் வாங்கி எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இதை உன்னைத் தவிர வேறு யார் படித்தாலும் எனக்கு வெட்கம் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீடு புதுச்சேரியில் நம்முடையது ஒன்றுதானா என்ன.

நீ கேட்ட அதே ஞாயிறு காலையில் பூசை முடிந்து ஸ்டெல்லா வந்தாள். கருவடிக்குப்பத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாலும் ஞாயிறு தவறாமல் மாமியாரைப் பார்க்க வருகிற மருமகள் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று நீ யோசித்ததுண்டா? வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள், "அத்த, குவைத்துல நர்ஸ் வேலை கெடச்சுடுச்சு. விசா வந்துட்டுது. இந்த மாசக் கடைசில கெளம்பறேன்." "அந்துவான் கிட்ட சொன்னியாமா?" என்று கேட்டேன். "ஃபோன எடுத்தாத்தானே சொல்றதுக்கு? ரெண்டர் ஓடுது, அப்பறம் பேசறேன்னு ஒரே ஒரு மெசேஜ் வந்துச்சு. அந்த அப்பறம் இன்னும் வரல" என்றாள். அப்புறம் சிரித்தாள். அது சிரிப்பு இல்லை. "எனக்கும் அந்த மொயலுக்கும் நடுவுல யார் வேணும்னு கேட்டா, அவரு மொயலதான் சொல்லுவாரு அத்த." அவள் காப்பி குடித்து முடிப்பதற்குள் என் ஃபோனில் உன் கேள்வி வந்தது. நான் அதை அவளிடம் காட்டவில்லை. அவளாக எட்டிப் பார்த்துவிட்டாள்.

அந்த முயல் நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று நான் உட்கார்ந்து யோசித்துப் பார்க்கிறேன். முயலுக்கு முன்னால் வந்தது டீ பாத்திரம். நீ சென்னையில் சினிமாவுக்கு கிராபிக்ஸ் செய்கிற கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தபோது, முதல் தடவை ஊருக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து ஒரு வெள்ளைப் பாத்திரத்தைக் காட்டினாய். மூடியும் மூக்கும் கைப்பிடியும் வைத்த பாத்திரம். "இதுக்குத்தான் உனக்குச் சம்பளமா?" என்று உன் அப்பா கேட்டார். "அப்பா, கம்ப்யூட்டர்ல படம் போட ஆரம்பிச்ச காலத்துல யாரோ ஒருத்தர் தன் வீட்டு டீ பாத்திரத்த அளவெடுத்துப் போட்டாரு. அதுலேருந்து உலகத்துல யார் புது சாஃப்ட்வேர் செஞ்சாலும் மொதல்ல இதத்தான் வெச்சுப் பாக்கறாங்க. வெளிச்சம் சரியா விழுதா, பளபளப்பு சரியா வருதான்னு" என்று சொன்னாய். அந்த நேரம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற எதிர்வீட்டு சொல்தா தாத்தா வந்திருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்து, பிரெஞ்சுத் தோரணையில் உன்னைக் கூப்பிட்டு, "என்ன மிசே, உன் பாத்திரத்த யாரோ மேலேருந்து அமுக்கிட்டானே, நான் பிரான்சுல பார்த்ததெல்லாம் இன்னும் ஒசரம்" என்றார். நீ துள்ளிக் குதித்தாய். "கரெக்ட் தாத்தா! நெஜப் பாத்திரம் ஒசரந்தான். அந்தக் காலத்துத் திரைக்காக அமுக்குனது அப்படியே நின்னுபோச்சு. மொதல்ல போட்டப்ப அடிப்பாகமே கெடையாது, தெரியுமா?" அடி இல்லாத பாத்திரத்தில் டீ ஊற்றினால் யார் மடியில் கொட்டும் என்று உன் அப்பா கேட்க, வீடே சிரித்தது. நிஜப் பாத்திரம் எப்படி இருந்தது என்று இப்போது யாருக்கும் கவலை இல்லை, அமுக்கினதுதான் பாத்திரம் என்று ஆகிவிட்டது என்று நீ சொன்னதை அன்று நான் வேடிக்கையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உன் வேலை எனக்குப் புரியாது என்று நீ நினைத்தது இல்லை. அந்த ஒரு மரியாதையை எனக்கு எப்போதும் கொடுத்தாய். ஒரு பக்கம் சிவப்புச் சுவர், மறுபக்கம் பச்சைச் சுவர் வைத்த ஒரு பெட்டி அறையைக் காட்டி, நடுவில் இருக்கிற வெள்ளைக் கட்டையின் ஓரத்தில் லேசாகச் சிவப்பு படிந்திருப்பதைத் தொட்டுக் காட்டினாய். "வெளிச்சம் சும்மா விழுந்து நிக்காதும்மா, ஒண்ணுமேல பட்டு இன்னொண்ணுக்குப் போவும்" என்றாய். அதற்கப்புறம் மாடியில் புடவை காயப்போடும்போதெல்லாம் வெள்ளைச் சுவரில் புடவையின் நிறம் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரியும். மெழுகும் பாலும் தோலும் ஒரே ரகம், வெளிச்சம் உள்ளே போய்ச் சுற்றிவிட்டு வெளியே வரும் என்று சொன்னாய். அது எனக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கரண்ட் போனால் டார்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்து, விரல் இடுக்கெல்லாம் செக்கச்செவேலென்று தெரிவதைப் பார்த்து, "எனக்குள்ள நெருப்பு இருக்குது" என்று தெருப் பிள்ளைகளைப் பயமுறுத்துவாய். பிறகு செலின் அதையே செய்தாள். நீ சொல்லிக் கொடுத்தாயா, அவளாகக் கண்டுபிடித்தாளா, எனக்குத் தெரியாது.

என் பேத்தியைப் பற்றி நான் பெருமை பேசாத ஆள் நம் உப்பளம் பேட்டையில் கிடையாது. மீன்காரம்மா என் கூடையைப் பார்த்ததும், "நேத்து என்ன சொல்லுச்சு உன் பேத்தி?" என்று அவளாகவே கேட்டுவிடுவாள். கேட்காவிட்டாலும் விடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். ஒண்ணாம் வகுப்பில் இருக்கும்போதே பேப்பரில் தலைப்பைப் படித்துக் காட்டுவாள். ஒருநாள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுவிட்டு, "ஆயா, நீ அஞ்சாவது, நான் ஒண்ணாவது. இன்னும் நாலு வருசத்துல ஒன்ன புடிச்சுடுவேன். அப்பறம் ஒனக்கு நான்தான் டீச்சர், அடிப்பேன்" என்றாள். நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அவள் என்னைப் பிடிக்கவில்லை. இரண்டாவதிலேயே நின்றுவிட்டாள்.

கம்ப்யூட்டரில் உருவமாகக் கொண்டுவர அவளை நீ ஃபோனில் ஸ்கேன் எடுத்த நாளை மறக்க முடியுமா? அவளைத் தலைக்குக் குளிக்க வைத்து மாடிக்கு அனுப்பியது நான்தான். நடுவில் ஒரு முக்காலியில் உட்கார வைத்து, நீ ஃபோனைப் பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றுகிற மாதிரி அவளைச் சுற்றிச் சுற்றி வந்தாய். "அசையாத, அசையாத, செல மாதிரி இரு." "செலைக்கு மூக்கு அரிக்குமாப்பா?" "அரிக்காது." "அப்ப நான் செல இல்ல." நீ பின்பக்கம் போகும்போதெல்லாம் அவளும் கூடவே திரும்பினாள். அப்பா முகத்தைப் பார்க்காமல் அந்தப் பிள்ளையால் இருக்க முடியாது. அன்று சாயங்காலம் கம்ப்யூட்டரில் பார்த்தால் முகம் இருந்தது, தோள் இருந்தது, பின்னந்தலை இருக்க வேண்டிய இடத்தில் பெரிய ஓட்டை. நான் பதறிப்போய், "இன்னாடா இது, புள்ளய இப்படி வெச்சிருக்க?" என்று கேட்டேன். "கருப்பு முடி ஸ்கேன்ல விழாதும்மா, ஈரமா இருந்தா இன்னும் மோசம். போவட்டும், இன்னொரு நாள் எடுத்துக்கலாம்" என்றாய்.

இன்னொரு நாள் வரவில்லை. மழை விட்ட சமயம், தெருவில் நாலு வீட்டில் காய்ச்சல். அவளுக்கும் வந்தது. அதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. உனக்குத் தெரியும், ஸ்டெல்லாவுக்குத் தெரியும். "நான் நர்ஸ் அத்த, எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். டாக்டருக்கே தெரியாததை நீ எப்படிம்மா தெரிந்துகொள்ள முடியும் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். நீயோ, அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் போன பிறகு லேப்டாப்பைத் திறந்தாய். வேலை இருக்கிறது போல, மனசு மாறட்டும் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

அப்போதுதான் முயல் வந்தது. அதுவும் டீ பாத்திரம் மாதிரி எல்லோரும் சோதனைக்கு வைத்துப் பார்க்கிற பொருள் என்றாய். யாரோ பெரிய படிப்புப் படித்தவர்கள் கடையில் வாங்கிய மண் முயல் பொம்மையைக் கருவி வைத்து அளந்து எடுத்ததாம். திரையில் அதைத் தலைகீழாகப் புரட்டி அடிப்பக்கத்தைக் காட்டினாய். அங்கங்கே ஓட்டை. "கருவிக்குக் கண்ணு எட்டாத எடம்மா. பாத்தது மட்டுந்தான் இருக்கும், பாக்காதது ஓட்டை" என்றாய். அந்த ஓட்டையை எப்படியெல்லாம் அடைக்கலாம் என்று மாற்றி மாற்றிச் செய்து பார்த்தாய். பிறகு அதே முயலைச் சலவைக்கல்லாக ஆக்கினாய், கண்ணாடியாக ஆக்கினாய், மெழுகாக ஆக்கினாய். அதன் காதுக்குப் பின்னால் விளக்கை வைத்து, காது சிவக்கிற வரைக்கும் எதை எதையோ கூட்டிக் குறைத்தாய். திரையில் முதலில் நொய் அரிசி தெளித்த மாதிரி புள்ளியாக இருக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளி அடங்கி முயல் தெளிந்து வரும், அதற்குப் பேர்தான் ரெண்டர் என்றாய். "முன்னெல்லாம் இந்த ஒரு படத்துக்கு நாள் பூரா காத்திருக்கணும். இப்ப டீ குடிக்கறதுக்குள்ள வந்துடுதும்மா" என்று சொன்னாய். செத்த வீட்டில் முதல் தடவையாக உன் குரலில் ஒரு தெம்பு கேட்டது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. முயலின் காதில் நீ எதைத் தேடிக்கொண்டிருந்தாய் என்று எனக்கு உறைக்கவே இல்லை. ஸ்டெல்லாவுக்கு உறைத்துவிட்டது. அவள் உன் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அது அவ காது மாதிரி வரணும்னு பாக்கறீங்களா?" என்று கேட்டாள். நீ திரும்பவில்லை. "டெஸ்ட்டு" என்றாய். அவள் போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

நீ சென்னைக்கே திரும்பிப் போய்த் தங்கிவிட்டாய், அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லையே, நடந்திருந்தால் நான் நடுவில் புகுந்து ரெண்டு பேரையும் திட்டியிருப்பேன். ஒரு நாள் நீ பஸ் பிடித்து வந்தாய், சாப்பிடக்கூட உட்காராமல், "அம்மா, ஒண்ணு காட்டறேன், பயப்படாத" என்று திறந்தாய். செலின் இருந்தாள். திரும்பினாள். கண்ணில் வெளிச்சப் புள்ளி இருந்தது. காது சிவந்திருந்தது. என் கை தானாக நெஞ்சில் சிலுவை போட்டது. அதற்கப்புறம் நான் செய்ததுதான் தப்பு. நான் அழுதிருக்க வேண்டும், இல்லை அதை மூடச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? பெருமைக்காரி அல்லவா, குற்றம் கண்டுபிடித்தேன். "எடது காது இது இல்லடா" என்றேன். "ஸ்கேன்ல எடது காது சரியா விழலம்மா. வலது காத அப்படியே மாத்தி வெச்சிருக்கேன்" என்றாய். "பத்தர் காது குத்தும்போது இவ தலைய வெடுக்குனு இழுத்தா. எடது ஓட்டை கொஞ்சம் எறங்கித்தான் இருக்கும். ஒரு கம்மல் மட்டும் எப்பவும் தூக்கம் புடிச்ச மாதிரி சாஞ்சுக்கும்" என்றேன். நீ உடனே எழுதிக்கொண்டாய். "பொறுடா, புருவத்துக்கு மேல அம்மைத் தழும்பு எங்க?" என்று கேட்டேன். நீ பெரிதாக்கிப் பார்த்தாய். அப்புறம் மெதுவாகச் சொன்னாய். "புள்ளியத் தொடைக்கறதுக்கு ஒண்ணு போட்டிருக்கேன்மா. மீதிய அதுவே யூகிச்சுப் போட்டுக்கும். அது தழும்புன்னு அதுக்குத் தெரியல. அழுக்குப் புள்ளின்னு தொடச்சிருக்குது." உன் முகம் போன போக்கைப் பார்த்து, நானும் உன்னோடு உட்கார்ந்து அந்தத் தழும்பு எங்கே, எவ்வளவு என்று விரல் நகத்தால் திரையில் காட்டினேன். உன் பெரிய கம்ப்யூட்டருக்குத் தெரியாதது எனக்குத் தெரிகிறது என்று அன்றைக்கு உள்ளூர ஒரு கர்வம். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அன்றிலிருந்து நீ என்னிடம் வேறு எதுவும் பேசவில்லை, கவனித்தாயா? முன்பல் இடைவெளி எவ்வளவும்மா, முழங்கைல மச்சம் உள்பக்கமா வெளிப்பக்கமா, சிரிச்சா எந்தக் கன்னம் மொதல்ல குழியும், இது மட்டும்தான். நானும் பரீட்சைக்குப் படித்த பிள்ளை மாதிரி டக் டக்கென்று பதில் சொன்னேன். நாலு தெரு தள்ளி யார் வீட்டில் விசேஷம் என்றால்கூட, "என் பையன் பேத்திய உயிரோட கொண்டாந்துட்டான் கம்ப்யூட்டர்ல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். மீன்காரம்மா மட்டும் தலையைத் தூக்காமல் மீனை நறுக்கினாள். "இன்னா, பேசமாட்ட?" என்றதற்கு, "எனக்கும் ஒண்ணு கடல்ல போச்சுமா. நான் படமே வெச்சிக்கல" என்றாள். எத்தனை வருஷமாக அவளிடம் மீன் வாங்குகிறேன், எனக்கு அது தெரியாது. கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. முன்பெல்லாம் கண்ணை மூடினால் செலின் ஓடிவருவாள். வேர்த்து, ரிப்பன் அவிழ்ந்து, ஸ்கூல் பை ஒரு தோளில் தொங்க, ஏதாவது புகார் சொல்லிக்கொண்டு வருவாள். இப்போது கண்ணை மூடினால் அவள் மெதுவாகத் திரும்புகிறாள். பின்னால் ஒன்றும் இல்லை, சாம்பல் நிறம். இடது பக்கமிருந்து வெளிச்சம். வாய் திறப்பதில்லை. அது என் பேத்தி இல்லை, அது நீ செய்தது. தள்ளிவிட்டு நிஜமானவளைக் கூப்பிட்டால் வருவதில்லை. செபமாலையைக் கையில் எடுத்தாலும் அதே திரும்பல்தான். உன் அப்பா விஷயத்தில் இது ஒருமுறை நடந்திருக்கிறது. அவர் போனபின் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தபோது ஸ்டுடியோக்காரர், "கோட்டு போட்டு டை கட்டித் தரட்டுங்களா?" என்று கேட்டார். மில்லில் ஷிப்டு பார்த்த மனுஷர், வாழ்நாளில் கோட்டைத் தொட்டதில்லை. நாலு பேர் மதிக்கட்டுமே என்று நான்தான் போடச் சொன்னேன். செலின் அந்தப் படத்தைப் பார்த்து, "தாத்தா தொரையா ஆயா?" என்று கேட்டாள். நாம் சிரித்தோம். இன்று அவரை நினைத்தால் எனக்கும் கோட்டுதான் வருகிறது. அவர் சட்டையின் நிறம் போய்விட்டது. ஒரு மனுஷரை அப்படித் தொலைத்தவள் நான், இப்போது அந்தப் பிள்ளையையும் தொலைத்துக்கொண்டிருக்கிறேன். அவளிடம் உன் வெளிச்சம் விழாத இடம் இன்னும் ஒன்றுதான் பாக்கி இருக்கிறது. அதைத்தான் நீ கேட்கிறாய்.

உன் கேள்வியை எட்டிப் பார்த்த ஸ்டெல்லா அன்று என்ன செய்தாள் தெரியுமா? கோபப்படவில்லை. காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "அத்த, எனக்கும் தெரியாது" என்றாள். "என்னமா தெரியாது?" "சுழி. நான் பெத்த புள்ள. அவ எழுந்திரிக்கறதுக்கு முன்ன நான் டூட்டிக்குப் போயிடுவேன். ஒருநாள் நான் அவளுக்குத் தல வாரினதில்ல. லீவு நாள்ல வாரலாம்னு சீப்ப எடுத்தா, ஆயாதான் வாரணும்னு ஓடிடுவா. நான் சரி போன்னு விட்டுடுவேன்." அவளிடம் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. சொல்லிப் பார்த்தால் வலம் இடம் என்று உன் கேள்விக்கான பதில் மாதிரிதான் வருகிறது. அதனால் கொண்டையை அவிழ்க்கச் சொல்லி அவளை என் முன்னால் தரையில் உட்காரவைத்தேன். நாற்பதை நெருங்குகிற பெண் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நான் செலினுக்கு வாருகிற மாதிரியே வாரினேன். எண்ணெய் எங்கே முதலில் வைப்பேன், வகிடு எங்கே ஆரம்பித்தால் நேராகப் போகும், எங்கே வந்ததும் முடி தன் இஷ்டத்துக்குச் சுற்றிக்கொண்டு சீப்பைத் தள்ளும், அப்போது அந்தப் பிள்ளை எப்படித் தோளைக் குறுக்கும், பிடரியில் எந்த முடி பின்னலுக்குள் அடங்காமல் வெளியே நிற்கும், அதை எச்சில் தொட்டுத் தடவினால், "ச்சீ ஆயா" என்று எப்படிக் கத்துவாள், எல்லாவற்றையும் அவள் தலையிலேயே விரலால் போட்டுக் காட்டினேன். என் விரலுக்கு இன்னும் தெரிகிறது, அந்துவான். கண்ணில் இருந்து போனது விரலில் இருந்து போகவில்லை. ஸ்டெல்லா முதலில் அசையாமல் இருந்தாள். சுழியின் இடத்துக்கு என் விரல் வந்ததும் அவள் தோள் குலுங்கியது. அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீங்க உக்காருங்க அத்த, நான் ஒரு தரம் போட்டுப் பாக்கறேன்" என்றாள். என் நரைத்த தலையை அவிழ்த்து, சீப்பை எடுத்து, தப்புத் தப்பாகச் சுற்றினாள். "அங்க இல்ல, இன்னும் கொஞ்சம் மேல" என்றேன். மறுபடி போட்டாள். அடுத்த தடவை சரியாக வந்தது. தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான், நாங்கள் எழுந்திருக்கவில்லை.

அதனால் உன் கேள்விக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. நீ என் மேல் கோபப்பட்டுக்கொள். நீ செய்வது பாவம் என்று நான் சொல்லவில்லை, சாமியாரிடம் கேட்டாலும் அவரும் சொல்லமாட்டார். மகளை இழந்தவன் கையில் எது இருக்கிறதோ அதை வைத்துத்தானே தேடுவான். உன் கையில் அது இருந்தது. ஆனால் நீ ஓட்டையை அடைக்க அடைக்க, அவளை நினைக்க இருந்த இன்னொரு ஆள் உன் பக்கத்தில் இல்லாமல் போய்விட்டாள். நீ கவனிக்கவே இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு என்றெல்லாம் எழுதலாம் என்று நினைத்தேன். அதெல்லாம் நீ கேட்டுச் செய்கிற வயசு போய்விட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன். உனக்கு அந்தச் சுழி வேண்டும் என்றால் கருவடிக்குப்பத்துக்குப் போ. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போகாதே. வலமா இடமா என்று கேட்காதே, கேட்டால் அவள் கதவைச் சாத்திவிடுவாள், சாத்தினால் நான் அவள் பக்கம்தான். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து உன் தலையைக் கொடு. அவள் விரலால் போட்டுக் காட்டுவாள். இல்லை, உன் தலையைத் தள்ளிவிடுவாள். எதுவாக இருந்தாலும் நீ அங்கே இருக்க வேண்டும்.

நீ போவாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. இதைப் படித்துவிட்டு மடித்து வைப்பாய், இன்னும் ஒரு ரெண்டர் முடியட்டும் என்று திரையைப் பார்ப்பாய், அதற்குள் அவள் ஏர்போர்ட்டுக்குப் போகிற வண்டியில் ஏறியிருப்பாள். போன ஞாயிறே அவள் பெட்டியில் பாதியை அடுக்கிவிட்டதாகச் சொன்னாள். குவைத்துக்குப் போனவர்கள் எத்தனை பேர் நாம் எதிர்பார்த்த நேரத்துக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள்? அவள் போன பிறகு செலினுடைய சுழி எந்தப் பக்கம் என்று தெரிந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்தி மட்டும்தான் இருப்பேன். நீ எத்தனை தடவை கேட்டாலும், என் காலில் விழுந்து கேட்டாலும், நான் சொல்லமாட்டேன்.

அம்மா